நான்கெல்லைக்கு உட்பட்டது

கடன் கேட்டவர் மூன்றாம் மாடிக்காரர்.
தாய்ப்பத்திரத்திலிருந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று
வங்கி மேலாளர் அனுப்பிய கட்டு
நாலு நாளாய் என் மேசையில் கிடந்தது,
வடை மடித்த தாள் ஒன்று மேலே ஒட்டியபடி.

பெரும்பாக்கம் கிராமம், நஞ்சை,
ஒரு ஏக்கர் எண்பது சென்ட்.
1921இல் தாமோதர முதலியார் வாங்குகிறார்,
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் எல்லாம் சேர்த்து,
சூரிய சந்திரர் உள்ளவரை.
மேற்கே ஏரி.
வடக்கே வாய்க்கால்.
தெற்கே பங்காளி நிலம்.
கிழக்கே கன்னியம்மா களம்.

கன்னியம்மா யாரென்று எழுதவில்லை.
எல்லைக்கு வெளியே நிற்பவளுக்கு
தகப்பன் பெயர் வேண்டாம், வயது வேண்டாம்,
கைநாட்டும் வேண்டாம்.

சூரிய சந்திரர் இருந்தார்கள்.
பதினேழு வருடத்தில் அடமானம் மூழ்கிப் போனது.
பவளக்காரத் தெருச் செட்டியார் ஒருவர்
காலில் சேறு படாமலே இருபது போகம் எடுத்திருக்கிறார்.
அவர் பத்திரத்தின் பின்பக்கம்
யாரோ கணக்குப்பிள்ளை, பென்சிலில்:
கன்னியம்மா – ஆறு மரக்கால் – பாக்கி.
யார் யாருக்கு என்று இல்லை.

1959. ஜீவரத்தின நாயக்கர், தம்பி துலுக்காணம்.
கிணறு வெட்டினார்கள், ஆயில் என்ஜின் வைத்தார்கள்.
பன்னிரண்டு வருடம் கழித்துப் பாகப்பிரிவினை:
கிணற்றில் பாதி மூத்தவனுக்கு, பாதி இளையவனுக்கு,
பகல் தண்ணீர் அவனுக்கு, ராத் தண்ணீர் இவனுக்கு.
அமாவாசைக்கு அமாவாசை முறை மாற்றிக்கொள்ள வேண்டியது.
மாற்றிக்கொண்டார்களா தெரியாது.
அடுத்த பத்திரத்தில் இரண்டு பேரும் விற்கிறார்கள்,
தனித்தனியாக, வெவ்வேறு நாளில்,
ஒரே ஆளுக்கு.

வாங்கியவர் ஓய்வுபெற்ற சுபேதார் டேனியல் கிருபாகரன்.
மனைவி பியூலா பெயரில்.
நெல்லை நம்பாத மனிதர். கோழி.
சொத்து விவரத்தில் எல்லாம் இருக்கிறது,
என்ன ஆயிற்று என்பது மட்டும் இல்லை:
'கோழிக் கொட்டகை மூன்று, காலி.'

1991இல் நஞ்சை என்ற சொல் போய்
மனை என்ற சொல் வருகிறது.
இருபத்து நாலு மனை, ஷர்மிளா நகர் விரிவு.
ஷர்மிளா புரமோட்டரின் மகளாக இருக்கலாம்.
வாய்க்கால் இப்போது இருபதடிச் சாலை.
ஏரி முதலில் ஏரிக்கரை ஆனது,
பிறகு ஏரிப் புறம்போக்கு,
பிறகு வெறும் புறம்போக்கு,
கடைசியில் அறுபதடிச் சாலை.
கிழக்கே மட்டும்
கன்னியம்மா களம்.
பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுபவர்
எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் மாடிக்காரரின் அசல் பத்திரம்
அப்பளம்போல் நெளிந்திருந்தது.
கீழ்வீட்டு நண்பரிடம் கொடுத்து வைத்திருந்தாராம்,
2015 டிசம்பரில்.
இஸ்திரி போட்டுத்தான் கொண்டுவந்தார்.
அந்த ஒரு ராத்திரி
மேற்கெல்லை எழுந்து நடந்து
கிழக்கெல்லைக்குப் போயிருக்கிறது.
அதைப் பதிவு செய்ய ஒரு காலமும் இல்லை.

நேரில் பார்க்கவும் போனேன், சட்டப்படி வேண்டியதில்லை.
கிழக்கே ஒரு டிரான்ஸ்பார்மர்,
கார் கழுவும் இடம், நுரை ஓடும் சிமென்ட் தரை.
களம்போலத்தான், நல்ல மட்டம்.
காவலாளியிடம் கேட்டேன்.
'கன்னியம்மாவா? எந்த பிளாக் சார்?'

வில்லங்கம் ஏதுமில்லை என்று தட்டச்சு செய்து அனுப்பினேன்.
சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார்.
'கிழக்கெல்லையில் யாரோ பெயர் வருகிறதே,
எடுத்துவிட்டு டிரான்ஸ்பார்மர் என்று போடலாமா?'

தாய்ப்பத்திரத்தில் இருக்கிறது,
கை வைக்க முடியாது என்றேன்.
சட்டப்படி
அதுவும் சரிதான்.