மூன்று மிடறு

வேலியில் போகிற ஓணானை எடுத்து
மடியில் விட்டுக்கொள்வதுதான் என் பிழைப்பு.
சம்பளமும் உண்டு, மணிக்குப் பதினெட்டு டாலர்.

தூண்டில் கம்பின் நுனியில் நூல்சுருக்கு.
பாறைமேல் வெயில் காய்பவனின் தலைக்கு நேராக
மெல்ல இறக்குவேன்.
பார்த்துக்கொண்டே இருப்பான்.
கயிறு அவனுடைய பகைப்பட்டியலில் இல்லை.

மல்லாத்தினால் மிடறு தெரியும்.
ஆரஞ்சு. நீலம். மஞ்சள்.
முதுகில் மையால் ஓர் எண்ணிட்டு
எடுத்த பாறையிலேயே விட்டுவிடுவேன்.

ஆரஞ்சு முரடன்.
ஏழு பாறையும் எனது என்பான்,
ஏழிலும் வெயில் காயும் பெண்களும் எனதென்பான்.
நீலத்துக்கு ஒரு பாறை, ஒரு துணை,
பக்கத்துப் பாறையில் இன்னொரு நீலம்,
கண்கொட்டாத காவல்.
மஞ்சளுக்குக் காணி நிலம் கிடையாது.
பெண்ணின் சாயலில் ஊர்ந்து வரும்;
முரடன் ஏழாம் பாறையில் மார்தட்டும்போது
இரண்டாம் பாறையில் காரியம் முடிந்திருக்கும்.

முரடன் காவலனை விரட்டுவான்.
காவலனிடம் கள்ளம் செல்லாது.
கள்ளனிடம் முரடன் ஏமாறுவான்.
யாரும் யாருக்கும் கற்றுத் தருவதில்லை.
வென்றவனுக்குப் பிள்ளைகள் சற்று அதிகம்,
அவ்வளவுதான் வெற்றி.
ஊரெல்லாம் நீலமானால் ஆரஞ்சுக்கு அறுவடை.

ஓராண்டுதான் ஆயுள்.
அடுத்த வசந்தத்தில் அதே பாறைகளில்
வேறு கழுத்துகள்.

மலை இறங்கினால் ஒடெட்டின் மதுக்கடை.
அசோர்ஸ் தீவுகளிலிருந்து மாடு மேய்க்க வந்து
கலிபோர்னியப் புழுதியில் நிலைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்
ஜூன் கடைசி வெள்ளி அங்கே கூடுவார்கள்.
எந்த நிறம் அதிகம் என்று நான் வாசிக்க வேண்டும்.
தலைக்கு ஐந்து டாலர் பந்தயம்.
எண்ணுகிறவள் என்பதால் எனக்கு மட்டும் அனுமதியில்லை.

துவார்த்தே சில்வேராவின் மேய்ச்சல் நிலம்தான் அது.
அவனுக்கு ஒரே வழி:
போன வருடம் எது வென்றதோ அதன்மேல் கட்டு.
ஆரஞ்சுக்குப் பின் ஆரஞ்சே வந்தது. அள்ளினான்.
மறு வருடம் கடை முழுக்க துவார்த்தேக்கள்.
ஒடெட் மட்டும் கோப்பை துடைத்தபடி,
“ஆரஞ்சை எது ஏமாற்றும்?” என்று கேட்டாள்.
மஞ்சள் என்றேன். (சொல்லியிருக்கக் கூடாது.)
தொண்ணூற்றைந்து டாலர், ஒரு முழு பாலாடைக்கட்டி,
எல்லாம் அவள் ஒருத்திக்கு.

அதற்கடுத்த ஜூன்
கடை முழுக்க ஒடெட்டுகள்.
மஞ்சளைப் பிடிப்பது நீலம் என்று
சிறுபிள்ளையும் சொன்னது.
நீலமேதான் வந்தது.
பத்தொன்பது பேர் சரி,
பத்தொன்பது பேருக்கும் அவரவர் ஐந்து டாலர்
அவரவர் கைக்கே திரும்பியது.
எல்லோரும் அறிந்த சூட்சுமத்துக்கு
அதுதான் விலை.

போன வருடம் எல்லோரும் கணக்குப் போட்டார்கள்,
நீலத்தை வெல்வது ஆரஞ்சு என்று.
துவார்த்தேக்கு மட்டும் சோம்பல்.
பழையபடி, வென்றதன்மேலேயே கட்டினான். நீலம்.
மழை பிந்தியது, நீலம் இன்னொரு வருடம் தங்கிவிட்டது.
கட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு
அறிவாளியைப்போல வெளியேறினான்.

நான் சிரித்தேன்.
கையில் பதிவேடு இருந்தது.
அதில் துவார்த்தேக்கும் ஒடெட்டுக்கும்
கட்டம் போட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

இந்த வருடம் எண்ணி முடிக்கவில்லை.
கிழக்குச் சரிவில் நாற்பத்தொன்று என்றொரு நீலம்.
ஒரு பக்கம் பதினேழு, ஆரஞ்சு.
மறுபக்கம் ஐம்பத்தெட்டு, நீலம்.
பதினேழு தினமும் வருகிறான், தினமும் கடிக்கிறான்.
நாற்பத்தொன்றின் வால் போயிற்று, துணையும் போயிற்று.
அவன் முதுகுக்குப் பின்னால்
ஐம்பத்தெட்டின் குடும்பம் தடையின்றிப் பெருகுகிறது.

ரத்தம் எடுத்துப் பார்த்தோம்.
இருவரும் உறவில்லை.
அண்ணன் தம்பியில்லை, ஒன்றுவிட்டதுகூட இல்லை.
மிடற்றின் நிறம் மட்டும் ஒன்று.

தோற்றவனா, தியாகியா, இல்லை
ஒரு நிறம் தன்னைக் காத்துக்கொள்ளும் தந்திரமா?
படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.
நீலத்தின் கீழ் ஒரு கோடு போட்டேன்.

பாறையில் இறக்கிவிட்டபோது
பதினேழு மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.
நாற்பத்தொன்று ஓடவில்லை.
முன்னங்கால்களை ஊன்றி
ஒருமுறை உடலைத் தூக்கித் தாழ்த்தினான்.
கழுத்து விரிந்தது.