பாதி இறங்கிய தண்ணீர்

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
ஆறாவது நீர்ப்பூட்டுக்குள் நுழைந்தோம்.
சார்தி இறக்கத்தில் மொத்தம் பதினாறு,
நிவெர்னே கால்வாய் மேட்டிலிருந்து
படிப்படியாய் இறங்கும் இடம்.
எங்கள் படகின் பெயர் ‘நான்காம் வியாழன்’.
ஒரே வாரத்தில் நாலு வியாழன் வரட்டும், பார்க்கலாம்
என்பார்கள் இங்கே, நடக்காத காரியத்துக்கு.
ஏழு மீட்டர் நீளம். இரண்டு பேர் படுக்கலாம்.
சண்டை போட இடம் போதாது.

காலையில் சண்டையும் இல்லை.
காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே அர்மெல் சொன்னான்:
அடுத்த கோடைக்கு நான் வரவில்லை, கிஸ்லேன்.
படகோடா, என்னோடா என்று நான் கேட்கவில்லை.
இருபத்தாறு வருடம் கேட்காமல் விட்டதையெல்லாம் கொட்டினால்
இந்தத் தொட்டி நிரம்பி வழியும்.

பின்னால் கதவுகள் மூடின.
பூட்டுக்காரி மாயெல், கல்லூரி விடுமுறைக்கு வந்தவள்,
முன்கதவு ஷட்டரைச் சுழற்றினாள்.
இறங்குகிற பூட்டில் கயிற்றை முடியக் கூடாது.
கம்பத்தில் ஒரு சுற்று, நுனி கையில்,
தண்ணீர் போகப் போக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.
முதல் வருடம் நான் முடிந்துவிட்டேன்.
கசாப்புக் கடை ஆடு போலப் படகு சுவரில் தொங்கியது.
அர்மெல் ரொட்டிக் கத்தியால் அறுத்தான்.
அந்தக் கத்தி இன்னும் ரொட்டிதான் அறுக்கிறது.

பாதியில் ஷட்டர் கடகடவென்று இரைந்து
நின்றுவிட்டது.
மாயெல் எத்தினாள், திட்டினாள், போன் செய்தாள்.
மெக்கானிக் கொர்பினீயில்,
சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குத்தான் கிளம்புவாராம்.
‘எனக்கும் சாப்பாட்டு நேரம்’ என்று
குனிந்து ஆறு முட்டைகளை எங்களிடம் நீட்டி
இரண்டு யூரோ வாங்கிக்கொண்டு போனாள்.

மேலுமில்லை, கீழுமில்லை.
தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கரை.
சற்று முன்வரை நீருக்கடியில் இருந்த சுவர்
பாசியும் நத்தையுமாய்க் கூச்சத்தோடு நின்றது.
மேல்கதவின் இடுக்கில் கசிவு,
யாரோ குழாயைச் சரியாக மூடாத வீடு மாதிரி.
எங்கோ ஒரு வெள்ளை மாடு இருமிற்று.

கேட்க ஒரு மணி நேரம் இருந்தது.
‘கடுகுச் சாந்து வேண்டுமா?’ என்றுதான் கேட்டேன்.

அவன் ஒயின் ஊற்றினான்.
கோப்பை விளிம்புக்குள் ஆள்காட்டி விரலை விட்டு,
விரல் நனைந்ததும் நிறுத்தினான்.
என் கோப்பைக்கும் அப்படியே.
ஈர விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பிறகுதான்
இந்த வாரம் முழுக்க என் முன்னால் நடந்ததைப் பார்த்தேன்.
மூன்று தடவை கம்பத்தைத் தவறவிட்ட கயிறு.
காற்று என்றான்; காற்றே இல்லை.
நான்காம் பூட்டில் இடப்பக்கம் உரசிய பெயின்ட்.
கரைக்கல்லில், இருநூறு வருடக் கயிறுகள்
தேய்த்துவைத்த பள்ளத்தை
அவன் விரல்கள் முதலில் தடவிப் பார்த்தது.
பழைய கல்லை ரசிக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

முட்டைகளை எண்ணினேன். ஆறுதான்.

ஒன்றேகாலுக்கு மெக்கானிக் வந்தார்,
மீசையில் பாலாடைக்கட்டியோடு.
சுத்தியலால் இரண்டு அடி.
தண்ணீர் தன் மீதி வேலையைப் பார்க்கப் போனது.
கயிற்றை விட்டேன், விட்டேன்,
கைக்குள் அது சூடாக ஓடியது.
நத்தைகள் மேலே ஏறிப் போயின,
நகராமலே.

கதவு திறந்ததும் வெளிச்சம் முகத்தில் அறைந்தது.
அர்மெல் கண்களைச் சுருக்கினான், இரண்டையும்,
எப்போதும் போல.
அடுத்த பூட்டு நூற்றைம்பது மீட்டர் தள்ளி.
நான் முன்பக்கம் போய் உட்கார்ந்தேன்,
என்றும் உட்காராத இடம்.

‘இடப்பக்கம் ஒரு முழம் இருக்கிறது’ என்றேன்,
வானிலை சொல்லுகிற குரலில்.
சற்று நேரம் எஞ்சின் மட்டும் பேசியது.
‘இப்போது?’
‘அரை முழம். வலதுக்கு ஒடி.’

ஒடித்தான்.