இரண்டு தசம இடங்கள்

பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது,
டைப்பிங் தெரியும் என்பதால்.
தகைசால் மாணவர் பேரவை,
கிருஷ்ணகிரி, தொடக்க ஆண்டு.
தகுதி: எட்டரையும் அதற்கு மேலும்.
கட்டணம்: அறுநூறு.
உறுதிமொழி: மெழுகுவத்தி ஏந்தி, நின்றபடி.

எக்செல்லில் வடிகட்டினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
மடமடவென்று மடிந்து மறைய
பதினான்கு பேர் நின்றார்கள்.
வடிகட்டியை எடுத்துப் பார்த்தேன்.
பதினைந்தாவது வரி நான்.
8.49.

நிகழ்தகவுப் பாடம், அகமதிப்பீட்டில் போன ஒரு மார்க்.
அன்று ராயக்கோட்டை மேம்பாலத்தடியில்
பஸ் நின்றுவிட்டது.
நிகழ்தகவுத் தேர்வுக்கு நேரத்தில் போய்ச்சேர்வதன் நிகழ்தகவை
எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை.

ஒரு தசமம் போதுமே என்று
பொத்தானை அமுக்கினேன்.
8.5 என்று காட்டியது.
அழகாகத்தான் இருந்தது.
திரும்ப வடிகட்டினேன். நான் இல்லை.
பார்வைக்கு எட்டரை,
கட்டத்துக்குள் போய்ப் பார்த்தால்
எட்டு புள்ளி நாலு ஒன்பது.
அடித்துத் திருத்தியிருக்கலாம்.
லேப் உதவியாளர் திம்மராஜ்
மின்விசிறிக்குக் கீழே வடை தின்றுகொண்டிருந்தார்,
அவருக்கு என் எண் எதற்கு?
தசமத்தைப் பழையபடி வைத்தேன்.

நேர்மை என்று நினைக்க வேண்டாம்.
பாதிக்குமேல் பயம்.

முதல் வரியில் நாகவேணி, கணிதம், 9.31.
போன் போட்டேன். பின்னால் எந்திரம் இரைந்தது.
"சீசன்டி. மாங்கூழ் கம்பெனி, நைட் ஷிப்ட்.
அறுநூறுன்னா எனக்கு ஒன்றரை நாள்.
கட்டினா என்ன தருவாங்க?"
"பேட்ஜ். சர்டிபிகேட். பேரைக் கல்லுல வெட்டுவாங்க."
"என்ன கல்லு?"
"கருப்பு கிரானைட்."
சிரித்தாள்.
"எங்கப்பா பாலிஷ் போடற கல்லு.
சதுர அடி என்ன விலைன்னு கேளு, சொல்றேன்."

பதினொரு பேர் கட்டினார்கள்.
ரயில் வராத ஊருக்கு
ஏசி கோச்சிலிருந்து இறங்கியவர்போல் கோட்டு போட்டு வந்த
சிறப்பு விருந்தினர்,
"நீங்கள் மலையுச்சியில் நிற்கிறீர்கள்" என்றார்.
ஜன்னலில் சையத் பாஷா மலை
வெயிலில் சும்மா கிடந்தது.
உச்சியில் ஒருவரும் இல்லை.

மெழுகுவத்தி ஏற்றுவது என் பொறுப்பு.
சுடர் அணையுமென்று மின்விசிறிகளை நிறுத்தினோம்.
பதினொரு சுடர், பதினொரு வியர்த்த நெற்றி.
அறிவை அனைவருக்கும் பகிர்வேன் என்ற இடத்தில்
நஃபீசாவின் விரலில் மெழுகு சொட்டி
"ஸ்ஸ்" என்றாள்.
வரிக்கு வரி திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த பின்வரிசை
அதையும் சொன்னது.
நான் தீப்பெட்டியோடு சுவரோரம் நின்று சிரித்தேன்.
பிறகு ஏனோ தொண்டை அடைத்தது.
பேட்ஜ் குத்த கோட்டு மடிப்பு யாருக்கும் இல்லை.
துப்பட்டாவில் குத்தினார்கள்,
சட்டைப் பையில் குத்தினார்கள்,
ஒருவன் ஐடி கார்டு கயிற்றில்.

மிஞ்சியது மூன்று.
கையெழுத்துப் போட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன்,
நாகவேணிக்கு.
கட்டணம் பிறகு வாங்கித் தரவேண்டும் என்று
எழுதிக்கொடுத்தேன்.

காவேரிப்பட்டணம் பஸ்ஸில்
கூட்டம் நெருக்கியதில் என் பையின் வார் அறுந்தது.
வேறு ஊக்கு இல்லை.
அவளுடையதைக் குத்தி வாரை இழுத்துக் கட்டினேன்.
தங்க நிறத்தில், திறந்த புத்தகம்,
அடியில் படிக்க முடியாத பொடி எழுத்து.

கண்டக்டர் குனிந்து பார்த்தார்.
"இது எந்தக் கட்சி பாப்பா?"
"ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு அண்ணா."
"நீ என்ன அதுல?"
"லிஸ்ட் டைப் பண்றவ."
தலையாட்டிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.
மகளிர், கட்டணமில்லை.
ரூ. 0.00 என்று இருந்தது,
இரண்டு தசமம் சுத்தமாக.