வேண்டாம் என்று எழுதித் தாருங்கள்

படத்தில் ஒன்றுமில்லை என்கிறீர்கள், டாக்டர்.
படத்தை நான் குறை சொல்லவில்லை.
இருபத்திரண்டு வருடமாகக் கருங்கலில்
அண்டி ஆபீசுக்குப் போகிறேன்.
முதலில் உடைப்பு. கை கறுத்தது அப்போதுதான்.
இப்போது தோல் எடுப்பு.
முழுசு எது, பிளந்தது எது,
உள்ளே புழு இறங்கியது எது,
மேஸ்திரி கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு
என் பெருவிரல் சொல்லும்.

அந்த விரல்தான் சொல்கிறது.
இடது பக்கம், அக்குளை நோக்கி.
கடிகாரம் என்று வைத்தால்
இரண்டு மணி நிற்கும் இடம்.
தள்ளினால் வழுக்கவில்லை.
வலியும் இல்லை.
வலித்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முதலில் போன இடத்தில் பால்கட்டி என்றார்கள்.
எனக்க கடைக்குட்டி அஜின் பிளஸ் ஒன் படிக்கிறான்.
அவன் குடித்து முடித்த பால்
இத்தனை நாள் எங்கே ஒளிந்து கிடந்ததாம்?

அடுத்த இடத்தில் வைட்டமின் மாத்திரை, மூன்று மாதம்.
விழுங்கினேன்.
தலைமுடி கொஞ்சம் மினுங்கியது.
கட்டி அங்கேயே இருந்தது.

"சும்மா தோண்டாண்டாம், கேட்டியா"
என்றார் வீட்டுக்காரர்.
ஊசி குத்தினால் பரவிவிடும் என்றாள்
பக்கத்தில் இருந்து தோலெடுக்கும் ரெஜினாள்.
நான் கேட்டேன்:
பிள்ளே, நாம உடைச்சுப் பாத்ததுனாலயா
அண்டிக்குள்ள புழு வந்துது?

இரண்டு பஸ் மாறி ஆசாரிப்பள்ளம் வந்தேன்.
வில்லுக்குறியில் மழை.
ஷட்டர் இறங்காத ஜன்னல்.
நனைந்ததும் இடது பக்கம்தான்.
இன்றைய கூலி போயிற்று.

ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று
பேனாவை மூடுகிறீர்கள்.
மூட வேண்டாம்.

படத்தில் தெரியாததை ஸ்கேனில் தேடுங்கள்.
அதிலும் தெரியவில்லையென்றால்
ஊசி வைத்து ஒரு துளி சதை எடுத்து
பயாப்சிக்கு அனுப்புங்கள்.
அதெல்லாம் தேவையில்லை என்றால்
அதை எழுதித் தாருங்கள்.
'கையில் தட்டுப்படும் கட்டியைக் காட்டினாள்.
சோதிக்கச் சொன்னாள்.
நான் வேண்டாம் என்றேன்.'
தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு,
கீழே உங்கள் பெயர்.
என் பெயர் தங்கலீலா.
சீட்டில் தங்கலீலை என்று இருக்கிறது,
அதையும் திருத்துங்கள்.

வெளியே வரிசை முணுமுணுக்கிறது.
முணுமுணுக்கட்டும்.
அதில் இருக்கும் யாருக்காவது
நாளைக்கு இது உதவும்.

இப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறீர்கள்.
படுங்கள் என்கிறீர்கள், மறுபடியும்.
இந்த முறை உங்கள் விரல் ஓடவில்லை.
பைய நடந்து
இரண்டு மணிக்கு வந்து
நின்றது.

ஒன்றும் சொல்லவில்லை நீங்கள்.
பேனாவின் மூடி கழன்ற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி.
சாப்பிட்டுவிட்டு வரலாமாம்.
துணைக்கு ஒரு ஆள் வேண்டுமாம்.
ரெஜினாளைக் கூட்டி வருவேன்.
அவளுக்கும் ஒரு நாள் கூலி போகும்.
பரவாயில்லை, பார்க்கட்டும்.