எச்சில்

கலை வரலாற்று நூல்களில்
காஸ்பாரோ வெந்த்ரெல்லாவுக்குக் கிடைத்தது அரைப் பத்தி.
இருளின் ஓவியன். பிதோந்தோ ஊர்க்காரன்.
ஆசான் யாரென்று தெரியவில்லை.
கடனாளியாகச் செத்தான்.

கடன் உண்மைதான்.
கோயில் கணக்கேட்டில் நானே பார்த்தேன்:
மரியாளின் பிறப்பை வரைந்ததற்குக் கூலி
எட்டுச் சாடி ஒலிவ எண்ணெய்.
அதில் மூன்று வெறும் கசடு.

நான்கு மாதமாக அந்தப் படத்தின் முன்
சாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
குச்சியில் பஞ்சைச் சுற்றி
நாக்கில் வைத்து நனைத்து
நகத்தளவு நகத்தளவாகத் துடைக்கிறேன்.
எந்தக் கரைசலும் எச்சிலுக்கு ஈடில்லை.
எங்கள் தொழிலில் இதை விருந்தினரிடம் சொல்வதில்லை.

கும்மிருட்டு.
ஒரு தோள், செம்புத் தொட்டியின் விளிம்பு,
துண்டை நீட்டும் கை,
இவ்வளவுதான் தலை தூக்கியிருந்தன.
மீதிக் கறுப்பையெல்லாம்
அவன் மனசு என்றார்கள் எழுதியவர்கள்.
கொள்ளைநோய் என்றார்கள்.
பெண்டாட்டி செத்திருப்பாள் என்றார் ஒருவர்,
அவனுக்குக் கல்யாணம் ஆனதா என்று கேட்காமலே.

மருத்துவச்சியின் முழங்கைக்குப் பின்னால்
பஞ்சு கறுத்தது.
மாற்றினேன், கறுத்தது.
மாற்றினேன்,
நீலம்.

நீலம்கூட இல்லை. அதற்கு ஏது காசு?
சாம்பலில் வெள்ளையைக் குழைத்துப்
பக்கத்தில் காவியை வைத்து
நீலமென்று நம்பவைத்திருக்கிறான் கள்ளன்.
வானம்.
குறுக்கே ஒரு கொடி.
கொடியில் சொட்டச் சொட்ட மூன்று துணிகள்.
காலை ஒன்பது மணி இருக்கலாம்.

இருளின் ஓவியன்
இரவென்று ஒன்றை வரையவே இல்லை.
முந்நூற்றைம்பது வருட மெழுகுவத்திப் புகை
அவனுடைய பட்டப்பகல்மேல் குந்தியிருக்கிறது.

பங்குச் சாமியார் ஒனோஃப்ரியோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
துள்ளுவார் என்று நினைத்தேன்.
மூச்சு வாங்க ஏணி ஏறி வந்தார்,
கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார்,
பார்த்தார்.

"இந்த ஊரில் ஒருத்திக்கு வலி கண்டால்
இங்கேதான் வந்து ஏற்றுவார்கள்.
நான் கொடி சுற்றிப் பிறந்தவன்.
ராத்திரி முழுக்க என் அத்தை ஏற்றியது
இதில் எங்கேயோ இருக்கும்."

திட்டவில்லை, தடுக்கவும் இல்லை.
ஒவ்வொரு படியாகத் தடவி இறங்கிப் போனார்.

காலடியில் கிண்ணம் நிறையக் கறுத்த பஞ்சு.
தினமும் சாயங்காலம் குப்பையில் கொட்டுவது.

மூன்றாவது துணி பாதிதான் தெரிகிறது.
குழந்தைச் சட்டையோ என்னவோ.
புதுப் பஞ்சைச் சுற்றினேன்,
நாக்கில் வைத்தேன்.
எச்சில் ஊறவில்லை.