ஏறி வரும் வண்டி

எஸ்டேட் கேட் நோட்டில் மூன்று வண்டி எண்கள்.
வெளியேறிய நேரம் இரண்டரை.
உள்ளே வந்த நேரத்துக்கான கட்டத்தில்
வாட்ச்மேன் ஷிஜோ இன்னும் கோடு இழுக்கவில்லை.

அவன் ‘உருள் பொட்டி’ என்றான்.
நாங்கள் மண் சரிந்தது என்றோம்.
இரண்டு பாஷையும் சேர்ந்து ஆறு நாள் தோண்டியது.
அருளானந்துவின் ஹெல்மெட் கிடைத்தது,
உள்ளே மழைத்தண்ணீர்.
பேச்சிராசைச் சாவிக்கொத்தை வைத்துச் சொன்னார்கள்.
தோமா கிடைக்கவே இல்லை.
ஏலக்காய் வாசம் மட்டும்
ஈர மண்ணிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

கிளட்ச் கேபிள் அறுந்ததால்
நான் அன்று போகவில்லை.
இன்னும் அதை மாற்றவில்லை.
பேச்சிராசின் பெண்சாதி
தண்ணீர்க் குடத்தோடு என் வண்டியைத் தாண்டும்போது
தொங்கும் அந்தக் கம்பியைப் பார்க்கிறாள்.
ஒன்றும் கேட்பதில்லை.

மலைப்பாதைக்கு ஒரே சட்டம்:
ஏறி வரும் வண்டிக்கு
இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும்.

பூப்பாறைக்கு இறங்கும் ஜீப்பும் பைக்கும்,
என்றைக்கும் நேரத்துக்கு வராத
அந்த ஒற்றை பஸ்ஸும்கூட
புதுமண் வளைவில் ஓரம் கட்டி
எஞ்சினை அணைத்து நிற்கின்றன.

எதிரே யாருமில்லை.
மூன்று வண்டி கடக்கிற நேரம்.

பிறகு கியர்.