எழுபத்து நான்கு

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்
புள்ளி புள்ளியாய் ஓர் அட்டை.
இருபத்தொன்று என்றேன்.
எனக்கு முன்னால் நின்றவனுக்கும்
பின்னால் நின்றவனுக்கும்
எழுபத்து நான்கு.

டாக்டர் நிமிரவில்லை.
"ஜெனடிக்" என்றார்.
வேலை போச்சு.
ஷேர் ஆட்டோவில் அந்தச் சொல்லை
மடியில் வைத்துக்கொண்டு
காசிமேடு வந்து சேர்ந்தேன்.

"ஒட்டிக்குமா?" என்றார் அப்பா.
"ரத்தத்துல கீது. பொம்பள வழி" என்றார் சித்தப்பா,
அம்மா பக்கம் திரும்பி.

சுகந்தி அறிவியல் புத்தகத்தைப் புரட்டினாள்:
மரபியல்.
"தமிழ்லயும் மரபு வருதுண்ணா.
கோழிக்குக் குஞ்சு, புலிக்குப் பறழ்,
ஆந்தை அலறும், கூகை குழறும்.
பெரியவங்க சொன்னத அப்படியே சொல்றது."
எனக்குச் சிவப்பை
யார் எப்படிச் சொல்லிவைத்தார்கள்?

நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மா
அப்போதுதான் வாய் திறந்தாள்.
"பச்ச லைட்டு, செவப்பு லைட்டு?
ராத்திரில, தூரத்துல?"
"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியும்."

கை நின்றது.

அவள் அப்பன் தேசப்பன்
துறைமுக வாயில் விளக்கு மாறி
கல்லில் ஏற்றினான் போட்டை.
குடிச்சிட்டு ஓட்டினான் என்றது குப்பம்.
தொட்டதேயில்லை என்று
அவன் சொன்னது எடுபடவில்லை.
பெண் கேட்டு வந்தவர்களும்
முதலில் அதைத்தான் விசாரித்தார்கள்.

"டாக்டர் சொன்னத திரும்பச் சொல்லு."
சொன்னேன்.
"ஜெனட்டிக்கு."
இன்னொரு தரம், "ஜெனட்டிக்கு."

பாதி நெத்திலி அப்படியே கிடக்க,
முந்தானையில் கை துடைத்தபடி
போட்டு ஓனர் வீட்டுத் தெருவில்
நடந்துகொண்டிருந்தாள்,
செதில் ஒட்டிய கையோடு.